இரு செய்திக்கு ஒரே நினைவு

உங்கள் குடையின் கம்பி ஒடிந்திருக்கிறது. நீகாட்டாவில் குளிர்காலத்துக்கென்று குடை வாங்குகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். இங்கே மழை மேலிருந்து விழாது, கடல் பக்கத்திலிருந்து நேராக முகத்துக்கு வரும். நாங்கள் தலையை மூடுகிற மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து நடப்போம். குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து உட்காருங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, தேநீர் போடுகிறேன்.

எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் விசாரணை அலுவலகத்திலிருந்து நேற்று பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். கடலில் கவிழ்ந்துபோன மியோஜின் மாரு படகிலிருந்து அன்றைக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அதை யார் எடுத்தார்கள், என்ன பேசினார்கள் என்பது மட்டும்தான் அறிக்கையில் பாக்கி என்றார். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். ஆகவே கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

நான் புரோகிராம் எழுதுகிறவன். பெரிய ஆள் இல்லை. துறைமுகத்துக்குப் பின்னால், மீன்பெட்டி செய்கிற தொழிற்சாலைக்கு மேல்மாடியில் இருக்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. கணவாய் மீன் பிடிக்கிற படகுகளுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தோம். சின்னத் திரை, கீழே நான்கு பொத்தான்கள். கரையிலிருந்து அனுப்புகிற செய்தி செயற்கைக்கோள் வழியாக வந்து அந்தத் திரையில் எழுத்தாக ஓடும். வானிலை எச்சரிக்கை ஒரு வழியில் வரும். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் அறிவிப்பு, அதாவது கணவாய் விலை, எந்தத் துறையில் இறக்குவது போன்றவை, இன்னொரு வழியில் வரும். கருவிக்குள் வந்து சேர்கிற பைட்டுகளை எழுத்துகளாக மாற்றுகிற பகுதி என் பொறுப்பு. எங்கள் பிரிவுக்குத் தலைவர் இகராஷி.

மாற்றுவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வேண்டும். எண்ணுக்கும் ஆங்கில எழுத்துக்கும் ஒன்று போதும். வருகிற வழியில் இரண்டுக்கும் ஒரே குறிகள்தான். 'இனி ஜப்பானிய எழுத்து' என்று ஒரு சைகை வரும், பிறகு 'மறுபடியும் சாதாரணம்' என்று இன்னொரு சைகை வரும். அவை இரண்டுக்கும் நடுவில், தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் படிக்கிற நிரல் மறக்கக்கூடாது. அதோடு செய்தி முழுதாக வராது, துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு பாதி எழுத்தோடு முடியும். மீதிப் பாதி வரும் வரை இந்தப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம், கையில் எத்தனை பாதி, இந்த ஞாபகத்துக்குத்தான் எங்கள் தொழிலில் 'நிலை' என்று பெயர்.

இரண்டு பேர் உங்களிடம் ஒரே நேரத்தில் தகவல் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர் ஒரு வாய், அவர் ஒரு வாய். இவர் எங்கே விட்டார், அவர் எங்கே விட்டார் என்று தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொண்டால் இரண்டும் புரியும். ஒரே ஞாபகத்தில் போட்டால் இவருடைய பாதி வார்த்தை அவருடைய பாதி வார்த்தையோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டதைத் திரையில் பார்த்தால் யாரும் எங்கேயும் எழுதியிராத எழுத்துகள் வரிசையாக நிற்கும். நாங்கள் அதைப் பேய் எழுத்து என்போம்.

சி மொழியில் இந்த மாற்றத்தைச் செய்ய ஆயத்தமாக ஒரு கட்டளை இருக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில்தான் அது எங்கள் கைக்கு வந்தது. அதனிடம் பைட்டுகளைக் கொடுக்கும்போது, ஞாபகம் வைக்க ஒரு பெட்டியையும் நாம் கொடுக்க வேண்டும். ஒரு வழிக்கு ஒரு பெட்டி. கொடுக்காமல் விட்டால் அது கோபித்துக்கொள்ளாது, பிழை என்றும் சொல்லாது. தனக்குள் ஒளித்து வைத்திருக்கிற ஒரே ஒரு பெட்டியை எடுத்து எல்லாவற்றையும் அதிலேயே போடும்.

நான் ஒரு வழிக்கு ஒரு பெட்டி என்றுதான் எழுதியிருந்தேன். இகராஷி அச்சடித்த தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"என்ன ஹொன்மா, இத்தனை டப்பா எதுக்கு? பொட்டிக் கடையா வைக்கப் போற? அதுக்குள்ளயே ஒண்ணு இருக்குல்ல, அது போதும்."

"ரெண்டு செய்தி ஒரே நேரத்துல வந்தா கலந்துடும், தலைவரே."

"ரெண்டு ஒரே நேரத்துல எங்க வரப்போகுது? உனக்கு எப்பப் பாத்தாலும் பேய் பிசாசுதான் கண்ணுக்குத் தெரியும். எடுத்துடு."

எடுத்தேன். தலைவர் சொன்னால் எடுக்கத்தான் வேண்டும். இது நடந்து இரண்டு குளிர்காலம் இருக்கும்.

பிறகு கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் செய்துகாட்டும் நாள் வந்தது. சங்கத் தலைவர், படகுக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லாரும் வந்திருந்தார்கள். சங்கத்தின் வாழ்த்துச் செய்தியும் வானிலைச் செய்தியும் சேர்ந்தாற்போல வந்தன. பெரிய திரையில் பேய் எழுத்து ஓடியது. முதலில் யாரோ ஒரு கிழவர் சிரித்தார், அப்புறம் கூடமே சிரித்தது. இகராஷி ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. என் பக்கம் வந்தார், என் பிடரியில் உள்ளங்கையை வைத்து, என் தலையைக் கீழே அழுத்தினார். "இது இவனோட கவனக்குறைவு, மன்னிச்சுடுங்க" என்று தானும் கொஞ்சம் குனிந்தார். நான் எவ்வளவு குனிந்திருக்கிறேன் என்பது அவர் கையில் இருந்தது. இடுப்புக்குக் கீழே போகும் வரை அவர் கையை எடுக்கவில்லை. அந்தக் கை வியர்த்திருந்தது என்பது இன்றைக்கும் என் கழுத்துக்குத் தெரியும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கடிதம் வாசித்தேன். அதில் 'என் அறியாமையால்' என்று ஒரு வார்த்தையைச் சேர்க்கச் சொன்னதும் அவர்தான். அன்றிலிருந்து எனக்குப் பேயார் என்று பெயர் வந்தது. "பேயாரே, ஒரு டீ." "பேயாரே, உம்ம நிழல் தரையில விழுதா?" ஆண்டு இறுதி விருந்தில் இகராஷி தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு, கையை முன்னால் தொங்கவிட்டு, என்னைப் போல நடந்து காட்டினார். என் மனைவி மிச்சியோ சங்கத்தின் மீன்கடைக் கல்லாவில் வேலை செய்தாள். பெயர் அங்கேயும் போய்விட்டது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அவளும் தெரியாத்தனமாக, "என்ன பேயாரே, மிசோ சூப் ஆறுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, சூப்பைக் குடித்தேன்.

இதற்காகவா என்று கேட்பீர்கள். கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதனுக்குக் கையில் வந்த பாதியை வைத்துக்கொண்டு மீதிப் பாதிக்காகக் காத்திருக்கத் தெரிந்திருந்தால், அவன் மறக்க மாட்டான். அது என் தொழில். வெறுப்பு என்று அதற்குப் பெயர் வைப்பது சரியில்லை.

அந்தப் பிழையை நான்தான் திருத்தினேன். பெட்டிகளைத் திரும்பப் போட்டேன், கருவி ஒழுங்காக வேலை செய்தது, படகுக்காரர்கள் வாங்கிப் பொருத்தினார்கள். நிறுவனத்துக்கு நல்ல பெயர் வந்தது. இகராஷிக்கும் வந்தது. எனக்குப் பேயார் மட்டும் மிச்சம்.

இங்கே கென்சுகேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இகராஷியின் ஒரே மகன். அப்பா அவனை டோக்கியோவில் படிக்க வைத்து, மேசையில் உட்கார வைக்க நினைத்தார். அவன் பாதியில் திரும்பி வந்து, தோபிதா என்கிற கேப்டனின் மியோஜின் மாருவில் ஏறிவிட்டான். இகராஷி அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார். "கணவாய் மசி பட்ட கையோட என் வீட்டுச் சோத்த தொடுறான்" என்பார். ஆனால் படகு துறைக்கு வருகிற நாளில் ஜன்னல் பக்கமே நிற்பார். அதை நான் கவனித்திருக்கிறேன்.

கென்சுகே அலுவலகத்துக்கு அடிக்கடி வருவான். வந்தால் முதலில் என் மேசைக்கு வருவான். கருவி எப்படி வேலை செய்கிறது என்று கேட்பான். காயவைத்த கணவாய் கொண்டுவந்து கொடுப்பான். ஒருமுறை மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"மாமா, அப்பா உங்களுக்குப் பண்ணுனது எனக்குத் தெரியும். அன்னைக்கு நானும் அந்தக் கூடத்துலதான் இருந்தேன். அவரு வாயால மன்னிப்புக் கேக்க மாட்டாரு. அவருக்குப் பதிலா நான் கேட்டுக்கறேன்."

அவன் குனிந்தான். யாரும் அவன் பிடரியை அழுத்தவில்லை. நல்ல பையன். என்னைப் பேயார் என்று ஒரு தடவை கூட அழைக்காதவன் அந்த ஊரில் அவன் ஒருவன்தான். ஆனால் அது அவன் கடன் இல்லையே. அவன் கேட்டால் அப்பா கேட்டதாக ஆகாது.

போன கோடையில் கருவிக்குப் புதிய பதிப்பு செய்தோம். திரையில் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், வேறு சில சில்லறை மாற்றங்கள். அந்தச் சாக்கில் நான் ஒரு வரியைத் தொட்டேன். கட்டளையிடம் பெட்டியைக் கொடுக்கிற இடத்தில், பெட்டியை எடுத்துவிட்டு வெறுமையைக் கொடுத்தேன். வரி முன்னைவிடச் சின்னதாக, அழகாகக்கூட இருந்தது. இகராஷி அன்றைக்குச் சிவப்புப் பென்சிலால் அடித்தது போலவே இருந்தது. அவர் அடித்த அந்தப் பழைய தாளை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் அதையே இணைத்தேன். அவர் கையெழுத்து, அவர் பென்சில், அவர் யோசனை. நான் எதையும் இட்டுக்கட்டவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பிரிவுத் தலைவரின் முத்திரை இல்லாமல் எந்த மாற்றமும் வெளியே போகாது. கீழே இருக்கிறவன் தன் முத்திரையைத் தலைவருடைய முத்திரைப் பக்கம் சாய்த்துக் குத்துவான். முத்திரை கூடத் தலைவருக்குக் குனிந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் ஊர் மரியாதை. தாளை இகராஷியின் மேசையில், விளக்குக்கு நேராக, பக்கத்தைப் பிரித்தே வைத்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. அவர் படித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பார். புத்தி இல்லாதவர் இல்லை.

"எழுத்துதான பெருசு பண்ணிருக்க? இழுப்பறையில என் முத்திரை இருக்கு, நீயே குத்திக்கோ பேயாரே" என்றார். கையில் பாதி கடித்த அரிசிச் சில்லு.

எல்லாத் தலைவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் படிப்பதில்லை. இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்திருந்த அவருடைய முத்திரையை எடுத்து, சிவப்பு மை தொட்டு, நேராகக் குத்தினேன். பக்கத்தில் என்னுடையதையும் நேராகவே குத்தினேன். சாய்க்கவில்லை. அதையும் அவர் பார்க்கவில்லை.

இலையுதிர் காலத்தில் படகுகளைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டுவார்கள். அப்போது நானே பிளாப்பியை எடுத்துக்கொண்டு படகு படகாக ஏறிப் புதிய பதிப்பைப் போட்டேன். எல்லாரும் எழுத்து பெரிதாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். மியோஜின் மாருவில் கென்சுகே எனக்குச் சூடாக ஒரு டப்பா காபி கொடுத்தான். சோதனை செய்து காட்டினேன், சரியாக வந்தது. ஒரு செய்தி மட்டும் வந்தால் எப்போதும் சரியாகத்தான் வரும். இரண்டு வழியிலும் சேர்ந்து செய்தி வந்தால்தான் கலக்கும். கடல் அமைதியாக இருக்கும் வரை அப்படி வராது. புயல் எழும்பினால் வானிலை எச்சரிக்கை விடாமல் வரும், சங்கமும் உடனே படகுகளைத் திரும்பச் சொல்லி அறிவிக்கும். அப்போது இரண்டும் நிச்சயம் மோதும்.

நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான். ஒரு நாள் காற்று அடிக்கும். எல்லாப் படகிலும் பேய் எழுத்து ஓடும். படகுக்காரர்கள் வானொலியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் கேட்டுத் திரும்பிவிடுவார்கள். கரைக்கு வந்ததும் எங்கள் மாடிப்படி ஏறி வந்து இகராஷியின் சட்டையைப் பிடிப்பார்கள். அவர் என்னைக் காட்டுவார். நான் சிவப்புப் பென்சிலையும் முத்திரையையும் காட்டுவேன். அவர் அந்தக் கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், குனிவார். ஒருவருக்கும் ஒரு கீறலும் விழாது. இதைத்தான் நினைத்தேன், இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

டிசம்பரில் அந்த நாள் வந்தது. மதியத்துக்கு மேல் தாழ்வழுத்தம் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் பெருத்தது. எச்சரிக்கை வந்தது, சங்கத்தின் அறிவிப்பும் வந்தது, நினைத்தபடியே இரண்டும் கலந்தன. கிழக்குப் பக்கம் ஒன்றாக நின்ற படகுகள் பேசிக்கொண்டு திரும்பிவிட்டன. மியோஜின் மாரு மட்டும் சாதோ தீவுக்கு மேற்கே தனியாகப் போயிருந்தது. அங்கே கணவாய் நன்றாகக் கிடைக்கிறது என்று தோபிதா யாருக்கும் சொல்லாமல் போயிருக்கிறார். மறுநாள் கவிழ்ந்த படகு கிடைத்தது. அதில் போன ஆறு பேரில் யாரும் உயிரோடு கிடைக்கவில்லை. கென்சுகே கிடைக்கவே இல்லை.

அப்புறம் நடந்தது உங்கள் அறிக்கையிலேயே இருக்கும். கருவிகளைச் சோதித்தார்கள், அந்த வரியைக் கண்டுபிடித்தார்கள், முத்திரையைக் கண்டுபிடித்தார்கள். இகராஷி மறுக்கவே இல்லை. சிவப்புப் பென்சிலைப் பார்த்ததும், "ஆமா, இது நான் அடிச்சதுதான்" என்றாராம். எப்போது அடித்தது என்று அவருக்கு நினைவில்லை. என் பெயரை அவர் வாயால்கூட எடுக்கவில்லை. கூடத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்னால் நெற்றியைத் தரையில் வைத்தார். அவர் மனைவியும் அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு முன்னாலும் வைத்தார். நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். நான் கேட்டதைவிட அதிகமாகவே குனிந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இறந்தவர்களுக்கான நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் அவர் இந்த வீட்டுக்கு வந்தார். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தார். வேலையை விட்டிருந்தார், முடி முழுவதும் நரைத்திருந்தது. மிச்சியோ தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதால் நான்தான் தேநீர் போட்டேன்.

"ஹொன்மா சான்," என்றார். என் பெயரோடு அந்த மரியாதைச் சொல் 'சான்' அவர் வாயில் அன்றைக்குத்தான் முதல்முறை வந்தது. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க. கலந்துடும்னு சொன்னீங்க. நான் கேக்கல. உங்க தலையப் பிடிச்சு அமுக்குனேன். அதுக்கு எனக்கு இது வேணும்."

"விடுங்க," என்றேன்.

"விட முடியாது. ஆனா ஒண்ணு சொல்லணும். தோபிதாவோட சம்சாரம் முந்தாநாள் என்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு ஊறுகாயும் சோறும் போட்டாங்க. 'உங்க தப்புல உங்க பையனும் போயிட்டான், உங்களைவிட அழுதவங்க யாரு இருக்கா'ன்னாங்க. அன்னைக்கு ராத்திரிதான் தூங்குனேன், ஹொன்மா சான். இத்தனை நாளைக்கப்புறம் தூங்குனேன்."

அவர் இப்போது சங்கத்தில் கூலி வாங்காமல் வலை சுத்தம் செய்கிறார். பெண்கள் அவருக்கு வெள்ளை முள்ளங்கியும் அரிசி உருண்டையும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். குழந்தைகள் அவரைத் தாத்தா என்கிறார்கள். காலையில் அந்த வழியாக நடந்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியும். தன் தவறால் மகனைக் கொன்றவன் என்று நம்புகிற ஒருவரின் முகம் அது. அந்த நம்பிக்கையில் ஒருவித நிம்மதி இருக்கிறது. செய்த பிழைக்கும் பட்ட துன்பத்துக்கும் கணக்கு நேராகிவிட்டது என்கிற நிம்மதி. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உண்மையில்லாத ஒன்றின் மீது ஒருவரை உட்கார வைத்திருப்பது நியாயமில்லை. அதனால்தான் உங்கள் அலுவலகத்துப் பெண் பேசியதும் நேரில் வரச் சொன்னேன்.

சரி, அந்த அழைப்பு.

ஒவ்வொரு கருவியின் பக்கவாட்டிலும் எங்கள் தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். அது என் மேசை எண். அன்றைக்கு மாலை நான்கு மணிக்கு மேல் அது ஒலித்தது. நான்தான் எடுத்தேன். பின்னால் எஞ்சின் இரைச்சல் இருந்தாலும் குரல் தெளிவாகவே கேட்டது.

"ஹொன்மா மாமா, நான் கென்சுகே. ஸ்கிரீன் பூரா பேய் எழுத்தா ஓடுது. கேப்டன் என்ன செய்தின்னு கேக்கறாரு. அப்பா இருக்காரா?"

"மீட்டிங்ல இருக்காரு."

"பரவால்ல, நீங்க இருக்கீங்கல்ல. அப்பாவுக்கு இதெல்லாம் எங்க தெரியும். உங்க ஸ்கிரீன்ல ஒழுங்கா வருதா? படிச்சுச் சொல்லுங்க மாமா."

என் மேசையில் இருந்த கருவியில் பழைய பதிப்பு இருந்தது. ஒரு வழிக்கு ஒரு பெட்டி. இரண்டு செய்திகளும் சுத்தமாக, ஓர் எழுத்துப் பிசகாமல் நின்றன. சாதோவுக்கு மேற்கே புயல்காற்று, அலை மிக உயரும், எல்லாப் படகுகளும் உடனே திரும்பவும். நான் அதை முதலிலிருந்து கடைசி வரை மனதுக்குள் படித்தேன். கூட்ட அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் இகராஷி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ சொன்னதற்குச் சிரித்ததில் அவர் பிடரி குலுங்கியது.

"ஒண்ணு சங்கத்தோட கணவாய் விலை," என்றேன். "இன்னொண்ணு வழக்கமான காத்து அறிவிப்பு, கிழக்குப் பக்கத்துக்கு. உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப போலாமா? இன்னும் தள்ளிப் போனா நிறையக் கெடைக்கும்ங்கறாரு கேப்டன்."

"தாராளமாப் போங்க."

"நல்லதாப் போச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அவருகிட்டச் சொல்லிட்டுத்தான் போன் போட்டேன். வரும்போது உங்களுக்குக் கணவாய் எடுத்துட்டு வரேன் மாமா."

வைத்துவிட்டான். அவர்கள் திரும்புவதற்கு அப்போது நேரம் இருந்தது. உங்கள் ஆட்கள் கணக்குப் போட்டிருப்பார்கள், எனக்கும் தெரியும். படகின் எண்ணும் என்னிடம் இருந்தது, திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூட்டம் முடிந்து இகராஷி வெளியே வந்தார்.

"யாரு போன்ல?"

"தப்பான நம்பர், தலைவரே."

"அதான பாத்தேன். பேயாருக்கெல்லாம் போன் பண்ண ஊர்ல யாரு இருக்கா?" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். கடலைப் பார்த்துவிட்டு, காற்று ஏறுகிற மாதிரி இருக்கிறதே என்றார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன்.

அந்த வரியால் யாரும் சாகவில்லை. எழுத்து கலங்கியதும் கென்சுகே செய்ய வேண்டியதைத்தான் செய்தான், கேட்டான். படித்துச் சொல்லக்கூடியவனிடம்தான் கேட்டான். ஆகவே உங்கள் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் இகராஷியின் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். ஆறு பேரும் என்னால் போனார்கள். கென்சுகே கேட்ட பிறகு போனான், நான் படித்த பிறகு போனான். எந்தத் தாள் வேண்டுமானாலும் கொடுங்கள், முத்திரை குத்துகிறேன்.

அவருக்கு இதைச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்று நினைக்கிறேன். சுருக்கிச் சொல்லாதீர்கள். அவன் அப்பா இருக்காரா என்று கேட்டதையும், அவர் பத்தடி தள்ளிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததையும், கணவாய் கொண்டுவருகிறேன் என்றதையும் விடாமல் சொல்ல வேண்டும். அவர் மேல் எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை. சொல்லும்போது நானும் அந்த அறையில், அவர் முகம் தெரிகிற மாதிரி உட்கார அனுமதி வேண்டும், அவ்வளவுதான்.